கம்பைலர் எங்கே போச்சு? முதலாண்டு மாணவர்களின் கேள்விகள்

விஎஸ் கோடு போட்டுவிட்டேன். சி புரோகிராம் எழுதி ரன் கொடுத்தால், ஜிசிசி என்றால் என்னவென்றே தெரியாது என்கிறது. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டும் பார்த்தாயிற்று.
– பொறியியல் மாணவி, விருதுநகர்

எத்தனை முறை போட்டாலும் அதேதான் வரும். விஎஸ் கோடு வெறும் எடிட்டர். நீங்கள் எழுத இடம் தருவதோடு அதன் வேலை முடிந்தது. அதில் நீங்கள் சேர்க்கும் சி எக்ஸ்டென்ஷனும் கம்பைலர் இல்லை. நீங்கள் எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவதுதான் கம்பைலர்; ஜிசிசி அப்படி ஒன்று.

விண்டோஸ் என்றால் எம்எஸ்ஒய்எஸ்2 என்ற தொகுப்பைப் போட்டு, அதன் டெர்மினலில் பேக்மேன் என்ற இறக்கும் கட்டளை மூலம் மிங்டபிள்யூ ஜிசிசியை, அதாவது விண்டோஸுக்கான ஜிசிசியை, இறக்குங்கள். அப்புறம்தான் பலரும் கோட்டைவிடும் இடம் வருகிறது: பாத், அதாவது புரோகிராம்களை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியல். தேடுபெட்டியில் 'என்விரான்மென்ட்' என்று அடித்தால் அதை மாற்றும் ஜன்னலுக்குப் போகலாம். அதில் பாத் வரியைத் திறந்து, 'நியூ' கொடுத்து, ஜிசிசி இருக்கும் ஃபோல்டரின் முழு முகவரியைச் சேருங்கள். வழக்கமாக அது சி டிரைவில் எம்எஸ்ஒய்எஸ்64, அதற்குள் யுசிஆர்டி64, அதற்குள் பின் (bin). ஏற்கெனவே இருக்கும் வரிகளில் கை வைக்காதீர்கள்.

விஎஸ் கோடை மூடித் திறக்க மறக்க வேண்டாம். திறந்தே கிடக்கும் ஜன்னலுக்குப் புதுப் பாத் தெரியாது. கடைசியாக கமாண்ட் ப்ராம்ப்டில் ஜிசிசியின் வெர்ஷனைக் கேளுங்கள். எண் வந்தால் சரி.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் கோட்பிளாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் இருக்கிறது. மிங்டபிள்யூ சேர்ந்த பதிப்பாகப் பார்த்து இறக்குங்கள், கம்பைலரும் உள்ளேயே வரும். முதல் செமஸ்டருக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

லேபில் டர்போ சி, வீட்டில் ஜிசிசி. அங்கே ஓடுவது இங்கே ஓடுவதில்லை. எதை நம்புவது?
– பி.எஸ்சி. மாணவர், திண்டுக்கல்

டர்போ சி, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துச் சரக்கு. இன்றைய 64 பிட் விண்டோஸில், டாஸ் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் முட்டுக்கொடுத்தால்தான் எழுந்து நிற்கும். விண்டோஸ் ஜிசிசியில் கோனியோ ஹெடர் உண்டு, அதில் திரையைத் துடைக்கும் கிளியர் ஸ்கிரீன் (clrscr) மட்டும் கிடையாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். வாய்ட் மெயினை இன்ட் மெயின் ஆக்குங்கள். சி++ என்றால் ஐஓஸ்ட்ரீமுக்குப் பின்னால் வரும் புள்ளி ஹெச்சும் போக வேண்டும். 1998இல் வந்த தரநிலையிலேயே அது இல்லை.

எரர் காட்டுவதைச் சரிசெய்துவிடலாம். சத்தமே போடாமல் விடையை மாற்றுவதுதான் ஆபத்து. டர்போ சியில் இன்ட் 16 பிட், உச்சம் 32,767. ஃபேக்டோரியல் புரோகிராமில் 8 கொடுத்துப் பாருங்கள்: 40320 வர வேண்டிய இடத்தில் -25216 வரும். ஜிசிசியில் இன்ட் 32 பிட் என்பதால் 12 வரை சரியாகப் போய், 13இல் 1932053504 என்று உளறும். அது மைனஸ்கூட இல்லை என்பதால் பலர் கண்ணில் படாது. வைவாவில் யாராவது கேட்டால் இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஜிசிசியில் பழகுங்கள். பிராக்டிகல் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் டர்போ சியில் ஓட்டிப் பாருங்கள்.

பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது!
– மாணவர், சேலம்

செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியஸ்' என்று தேடி, பைத்தான் பெயரில் இருப்பவற்றை ஆஃப் செய்யுங்கள். பைத்தான் இன்ஸ்டாலரின் முதல் திரையில், அடியில், பாத்தில் சேர்க்கச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கும். 'இன்ஸ்டால்' பட்டனை அவசரமாக அழுத்துகிறவர்கள் அதை டிக் செய்வதில்லை.

பைத்தான் தொகுப்புகளை இறக்கும் பிப் மூலம் எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) தொகுப்பை இறக்கிவிட்டேன், வெற்றி என்றும் சொன்னது. ஆனால் இம்போர்ட் செய்தால் அப்படி ஒன்று இல்லை என்கிறது.
– எம்.சி.ஏ. மாணவி, கோவை

உங்கள் கணினியில் இரண்டு பைத்தான் இருக்கும். பிப் ஒன்றில் போட்டது, நீங்கள் ஓட்டுவது இன்னொன்றில். விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையில் தெரியும் பைத்தான் எண்ணைச் சொடுக்கினால் பட்டியல் வரும், சரியானதைத் தேர்ந்தெடுங்கள். இனிமேல் பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல், எந்தப் பைத்தானில் ஓட்டுகிறீர்களோ அதன் வழியாகவே கூப்பிடுங்கள். அப்புறம், உங்கள் சொந்தக் கோப்புக்கு நம்பை என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். பைத்தான் முதலில் உங்கள் கோப்பைத்தான் எடுக்கும்.

மகளிடம் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– பெற்றோர், தஞ்சாவூர்

முதல் வருடத்துக்கு வேண்டாம். சியும் பைத்தானும் அதில் தாராளமாக ஓடும். விண்டோஸ் திணறினால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போடலாம், எடிட்டருக்கு ஜீனி (Geany) போதும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாற்றச் சொல்லுங்கள். மொபைல் ஆப் செய்யும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தேவைப்படும் செமஸ்டர் வரும்போது புதுசைப் பற்றி யோசிக்கலாம்.