பால் பல்லில் அணுகுண்டுக் கணக்கு

கேள்வி: அணுகுண்டுச் சோதனையின் பாதிப்பை அளக்க அமெரிக்காவில் குழந்தைகளின் விழுந்த பற்களைச் சேகரித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கட்டுக்கதைதானே? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன? இது நிஜம். 1958 டிசம்பரில், மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஆரம்பித்தது. முன்னின்று நடத்தியவர் லூயீஸ் ரைஸ் என்ற பெண் மருத்துவர். உடன் நின்றவர்களில் தாவரவியலாளர் பாரி காமனரும் ஒருவர்.

நெவாடா பாலைவனத்தில் தரைக்கு மேலேயே குண்டு வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தூசி காற்றோடு போய் எங்கேயோ மழையில் இறங்கும், புல்லில் படியும், மாடு மேயும், பாலில் வந்து சேரும். அதில் இருக்கும் ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் வேதியியல்படி கால்சியத்துக்குப் பங்காளி, அதனால் உடம்பு ஏமாந்துபோய் அதை எலும்பிலும் பல்லிலும் சேர்த்துவிடுகிறது. உயிரோடு இருக்கும் குழந்தையின் எலும்பை வெட்டிப் பார்க்க முடியுமா? பல் தானாகவே விழுகிறதே, நாம் கூரைமேல் எறிவதை அவர்கள் உறையில் போட்டு அனுப்பச் சொன்னார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பால் பல் உருவாவது தாயின் வயிற்றிலும் பிறந்த முதல் வருடத்திலும், விழுவதோ ஆறேழு வயதுக்கு மேல். ஆக 1958-இல் கைக்கு வந்த பல், 1950-களின் தொடக்கத்தில் அந்த வீட்டில் என்ன பால் குடித்தார்கள் என்பதைச் சொல்லிவிடும். அதனால்தான் பல்லோடு ஒரு அட்டையும் கேட்டார்கள்: பிறந்த தேதி, கர்ப்பமாக இருந்தபோது அம்மா வசித்த ஊர், தாய்ப்பாலா புட்டிப்பாலா என்று. அனுப்பிய பிள்ளைக்கு 'நான் அறிவியலுக்குப் பல் கொடுத்தேன்' என்று ஒரு பேட்ஜ். பிள்ளைகள் விடுவார்களா, சுமார் 3,20,000 பற்கள் சேர்ந்தன!

1963-இல் பிறந்த குழந்தைகளின் பல்லில் 1950-இல் பிறந்தவர்களுடையதைவிட ஏறக்குறைய 50 மடங்கு ஸ்ட்ரான்சியம்-90 இருந்தது. அதே 1963 ஆகஸ்டில்தான் வளிமண்டலச் சோதனைகளுக்குத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. பல் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை, ஆனால் ஊர் மக்களைப் பேச வைத்ததில் அதற்குப் பங்கு உண்டு.

கேள்வி: கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் கருவியைப் பல்மேல் காட்டினால் போதாதா? எதற்கு இத்தனை பாடு? (அதே வாசகி)

பதில்: காட்டினால் ஒன்றும் தெரியாது. ஒரு பல்லில் இருப்பது அவ்வளவு கொஞ்சம், சுற்றுப்புறத்திலிருந்து சாதாரணமாக வரும் கதிர்வீச்சே அதை மூழ்கடித்துவிடும். அதனால் ஒரே வருடத்தில் பிறந்தவர்களின், ஒரே வகைப் பற்களைப் பலவாகச் சேர்த்து, பொடியாக்கி, ஸ்ட்ரான்சியத்தை வேதிமுறையில் பிரித்தெடுத்து, அப்புறம்தான் எண்ணிப் பார்த்தார்கள்.

கேள்வி: பூமிக்கு அடியில் வெடித்தால் தூசியே வராதே, அப்போது எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தூசி வராது, வாயு வரும். அணு வெடிப்பில் உண்டாகும் செனான் எதோடும் ஒட்டாத வாயு, பாறை இடுக்கில் கசிந்து வெளியே வந்துவிடும். 2006 அக்டோபர் 9 அன்று வட கொரியா பூமிக்கு அடியில் குண்டு வெடித்தபோது, சுமார் இரண்டு வாரம் கழித்து செனான்-133 என்ற அதன் கதிரியக்க வகை சிக்கியது எங்கே தெரியுமா? கனடாவின் யெல்லோநைஃப் ஊரிலுள்ள அணுச்சோதனைக் கண்காணிப்பு நிலையத்தில், 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால். ஐந்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிற சரக்கு அது. இன்னும் கொஞ்ச நாள் தாமதித்திருந்தால் கிடைத்திருக்காது.