பில்லில 18 வீதம் ஏற்கனவே இருக்கோ எண்டு முதல் பாரும்

கொக்குவிலிலிருந்து ரொறன்ரோவுக்குப் படிக்கப் போற தங்கச்சி ஒராள் கேட்ட கேள்வி இது: "அங்க ரெஸ்ரோறன்ரில கேக்காமலே பில்லோட ரிப்ஸ் போட்டு எடுப்பினமாம் எண்டு மச்சாள் சொல்லுறா. அது சட்டமோ? குடுக்கேலாது எண்டு சொல்லலாமோ? நான் பகுதிநேரமாச் சாப்பாட்டுக்கடையில வேலை செய்தால் அந்தக் காசு எனக்கு வருமோ, முதலாளிக்குப் போகுமோ?"

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து திருநெல்வேலியில அக்கா வீட்டில நிக்கிறன். ஆறுதலா எழுத நேரம் கிடைச்சிருக்கு. ரொறன்ரோவில ஸ்கார்பரோப் பக்கம் கனகாலம் மேசைக்கு மேசை தட்டுத் தூக்கினவள் நான். இப்ப வேற வேலை. அதால காசு குடுக்கிற பக்கமும் தெரியும், வாங்கிற பக்கமும் தெரியும்.

ரிப்ஸ் குடுத்தே ஆகவேணும் எண்டு ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில சட்டம் இல்லை தங்கச்சி. வழக்கம்தான். ஆனால் உறுதியான வழக்கம். நீர் மேசையில இருக்க, ஒராள் வந்து ஓடர் எடுத்து, சாப்பாடு கொண்டந்து வைச்சு, தண்ணி ஊத்தி, "எல்லாம் ஓகேயோ" எண்டு ரெண்டு தரம் வந்து கேட்டிட்டுப் போறா எண்டால், வரிக்கு முந்தின தொகையில 15 வீதம் குடும். நல்லாக் கவனிச்சால் 18, 20. மனக்கணக்குக்கு லேசான வழி ஒண்டு இருக்கு: பில்லில எச்எஸ்ரி எண்ட விற்பனை வரி 13 வீதம் தனியா அடிச்சிருக்கும். அந்தத் தொகைக்கு மேல கொஞ்சம் கூட்டி வைச்சால் 15 வந்திடும்.

மச்சாள் சொன்னது இதில்லை. ஆறு பேர், எட்டுப் பேர் எண்டு கூட்டமாப் போனால் கன கடையளில 18 வீதத்தைத் தாங்களே பில்லில போட்டிடுவினம். ஓட்டோ கிராற்றுயிற்றி எண்டு சொல்லுறது அதைத்தான். மெனுவின்ர அடியில சின்ன எழுத்தில எழுதியிருக்கும். கூட்டமா இருக்கேக்க அந்தக் கடைசி வரியை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை.

ஏன் அப்பிடிப் போடினம் எண்டு விளங்கினால் உமக்குக் கோவம் வராது. பெரிய மேசை ஒண்டு வந்தால் சேவருக்கு, அதாவது பரிமாறுற பிள்ளைக்கு, அந்தப் பின்னேரம் முழுக்க அதோடதான். மற்ற மேசையள் வேற ஆளுக்குப் போயிடும். அதோட, அவ தனக்குக் கிடைச்சதை முழுசா வீட்ட கொண்டு போறதுமில்லை. குசினிக்கு, பாரில நிக்கிற ஆளுக்கு, கோப்பை எடுத்து மேசை துடைக்கிற பெடியனுக்கு எண்டு பங்கு குடுக்கவேணும். கன இடங்களில அந்தப் பங்கு அவ வாங்கின ரிப்ஸில கணக்கில்லை, அவ வித்த தொகையில கணக்கு. எட்டுப் பேர் 240 டொலருக்குச் சாப்பிட்டுட்டு ஒண்டும் வைக்காமல் எழும்பிப் போனால், அந்த மேசைக்குரிய பங்கை மற்ற மேசையில கிடைச்சதிலயிருந்து அவதான் எடுத்துக் குடுக்கவேணும். அந்த நிலைமையில நிண்ட பிள்ளையளைப் பக்கத்தில இருந்து பாத்திருக்கிறன். அதால பெரிய மேசைக்குத் தானாப் போடுற 18 வீதத்தை நான் நியாயம் எண்டுதான் சொல்லுவன்.

நீர் கவனமா இருக்கவேண்டிய இடம் அதுக்குப் பிறகுதான் வரும். அந்த 240 டொலர் பில்லையே பாரும். 18 வீதம் 43.20. கடை கட்டாயமாப் போடுற தொகைக்கும் எச்எஸ்ரி உண்டு (நீராக மனம் வைச்சுக் குடுக்கிறதுக்கு வரி இல்லை), அதால 283.20 இல 13 வீதம், 36.82. எல்லாமா 320.02. இப்ப சேவர் காட் மெசினைக் கொண்டந்து உம்மட கையில தருவா. தொகையை அமத்த, "18, 20, 25" எண்டு மூண்டு பெட்டி பெரிசா வரும். பில்லில ஏற்கனவே போட்டாச்சு எண்டது மெசினுக்குத் தெரியாது. அவசரத்தில முதல் பெட்டியை அமத்தினீர் எண்டால் இன்னொரு 57.60 போயிடும். ரெண்டையும் கூட்டினால் 240 டொலர் சாப்பாட்டுக்கு 100.80 ரிப்ஸ்! புதுசா வந்த பிள்ளைக்கு அது ஒரு கிழமைச் சாமான் காசு.

அதால காட்டை எடுக்க முதல் பில்லை மேலயிருந்து கீழ வரைக்கும் வாசியும். கிராற்றுயிற்றி, சேர்விஸ் சார்ஜ் எண்டு ஒரு வரி இருந்தால் மெசினில ரிப்ஸ் வேண்டாம் எண்டதை அமத்தும். அந்தப் பெட்டி மூலையில சின்னனா இருக்கும், தேடவேணும். சேவர் பக்கத்தில நிக்கிறா எண்டு கூச்சப்படாதையும். "பில்லில சேர்ந்திருக்குத்தானே?" எண்டு கேட்டால் ஓம் எண்டு தலையாட்டுவா. அவவுக்கு அது தினம் கேக்கிற கேள்வி.

இன்னொண்டு. மெசின் காட்டுற வீதம் அநேகமா வரியும் சேர்ந்த தொகையில கணக்குப் பாத்தது. 240 டொலருக்கு 18 வீதம் 43.20, வரியோட 271.20 க்கு 48.82. வேற தொகை எண்ட பெட்டியை அமத்தி நீரே டொலர்க் கணக்கில அடிக்கலாம். மொன்றியலில இருக்கிற எங்கட ஆக்களுக்கு இந்தத் தொல்லை குறைஞ்சிட்டுது. மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில 2025 மே 7 இலிருந்து வரிக்கு முந்தின தொகையிலதான் மெசின் கணக்குக் காட்டவேணும் எண்டு சட்டம்.

தானாப் போட்டதைக் குடுக்கேலாது எண்டு சொல்லலாமோ? மெனுவில எழுதியிருந்து, நீரும் இருந்து சாப்பிட்டால், அது நீர் ஒத்துக்கொண்ட விலைதான், கட்டும். ஒரு இடத்திலயும் எழுதேல்லை, ஒருத்தரும் சொல்லேல்லை, இல்லாட்டி உண்மையிலேயே மோசமாக் கவனிச்சவை எண்டால் மனேஜரைக் கூப்பிட்டு அமைதியாச் சொல்லும். அநேகமாக் குறைப்பினம், சிலவேளை எடுத்தே விடுவினம். சாப்பாடு பிந்தினது குசினிப் பிழையா இருக்கலாம், அதுக்காகப் பரிமாறின பிள்ளையின்ர காசில கை வைக்காதையும்.

யாழ்ப்பாணத்திலயும் இது முழுக்கப் புதுசில்லை. ரவுணில பெரிய ஹோட்டலில சாப்பிட்டால் 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் போட்டுத்தான் பில் வரும், 2024 இலிருந்து வற் வரி 18 வீதம் வேற. ஆனால் நாங்கள் பழகினது சைவக்கடையில இலையில சாப்பிட்டு, பில் துண்டைக் கொண்டுபோய் முன்னுக்குக் காசைக் கட்டிட்டு, பரிமாறின தம்பியின்ர கையில விரும்பினதை வைச்சிட்டு வாறது. வைக்காட்டிலும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லார். அந்த நினைப்போட அங்க போகக்கூடாது. பாரிஸ் மாமாவும் சூரிச் சித்தியும் சொல்லுறதைக் கேட்டும் போகக்கூடாது. பிரான்சில சேவைக்காசு விலைக்குள்ளயே அடங்கியிருக்கு, சுவிஸில 1974 இலிருந்து அப்பிடித்தான். அவை சில்லறை வைச்சிட்டு எழும்பிறது அங்க சரி.

ரேக் அவுட்டுக்கு ஒண்டும் வேண்டாம். ஸ்கார்பரோவில எங்கட கடையளில இடியப்பம், ரோல்ஸ், கொத்து எண்டு பெட்டியில கட்டி வாங்கேக்கயும் இப்ப மெசின் ரிப்ஸ் கேக்குது. பயப்பிடாமல் வேண்டாம் எண்டதை அமத்தும். கோப்பிக் கடையும் அப்பிடித்தான். வீட்ட கொண்டந்து தாற ஆளுக்கு, பனி கொட்டுற நாளில முக்கியமா, கட்டாயம் குடும்.

எனக்கு மனவருத்தம் தாற ஒரு விசயத்தையும் சொல்லவேணும். எங்கட ஆக்கள் பலர் டவுன்ரவுணில வெள்ளைக்காரக் கடையில 20 வீதம் கூசாமல் வைப்பினம். எங்கட தமிழ்க் கடையில குடும்பமா இருந்து, பிள்ளையள் சிந்தினதையும் துடைக்கவிட்டு, ஆட்டிறைச்சிக் கறி காணாதெண்டு திருப்பியும் கேட்டு வாங்கிப்போட்டு, ஒரு சதம் வைக்காமல் போவினம். அங்க பரிமாறுற பிள்ளை ஆர்? கோண்டாவில், சாவகச்சேரி, பருத்தித்துறை எண்டு போன வருசம் வந்து இறங்கின பிள்ளை. உம்மைப்போல ஒரு பிள்ளை. அங்கயும் அதே 15 ஐ வையும்.

இனி வேலைப் பக்கம். படிக்க வாற பிள்ளையள் வகுப்பு நடக்கிற காலத்தில படிக்கிற இடத்துக்கு வெளியில கிழமைக்கு 24 மணித்தியாலம் வரைக்கும் வேலை செய்யலாம். ஒன்ராறியோவில 2025 ஒக்டோபர் 1 இலிருந்து அடிப்படைச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். முந்தி மதுபானம் பரிமாறுற ஆக்களுக்குக் குறைஞ்ச கணக்கு ஒண்டு இருந்தது. 2021 ஒக்டோபரிலிருந்து மற்றவைக்கு 14.35, அவைக்கு 12.55. 2022 ஜனவரி 1 ஓட அதை எடுத்திட்டினம். அமெரிக்காவில மத்திய சட்டப்படி ரிப்ஸ் வாங்கிற ஆளுக்கு 2.13 டொலர் குடுத்தால் போதும் எண்டு 1991 இலிருந்து அப்பிடியே நிக்குது. சில மாநிலங்கள்தான் முழுச் சம்பளம் குடுக்கச் சொல்லுது. அதை வைச்சு ஒரு முதலாளி ஒன்ராறியோவில உமக்கு "ரிப்ஸ் வருது தானே, சம்பளம் குறைவு" எண்டால், அது சட்டவிரோதம். சம்பளம் வேற, ரிப்ஸ் வேற.

நான் வேலை செய்த ஒரு கடையில கோப்பை உடைஞ்சால் ரிப்ஸில வெட்டுவினம். காசு கட்டாமல் ஓடின மேசைக்கும் வெட்டுவினம். இரவு கடை பூட்டினாப் பிறகு முதலாளி எண்ணி, எங்களுக்கு எவ்வளவு எண்டு அவரே சொல்லுவார். கேள்வி கேட்டால் அடுத்த கிழமை மணித்தியாலம் குறையும். 2016 ஜூன் 10 இல புதுச் சட்டம் வந்தது. இப்ப அப்பிடி வெட்டேலாது. வேலையாக்களுக்குள்ள பங்கிடலாம், ஆனால் முதலாளி பங்கு எடுக்கிறதெண்டால் அவரும் அதே வேலையை உண்மையாகவே பெருமளவில செய்யவேணும், அப்பிடி எடுக்கிறது கடையின்ர கொள்கை எண்டால் அதை எழுதி ஒட்டவேணும். பில்லில தானாப் போடுற கிராற்றுயிற்றியும் இதுக்குள்ள அடங்கும். வேலையாக்களுக்குப் போகுது எண்டு நினைச்சுத்தான் சனம் அதைக் கட்டுது, முதலாளி அதைத் தன்ர பெட்டியில போடேலாது. போட்டால் தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு குடுக்கலாம், காசு செலவில்லை, முறைப்பாடு குடுத்ததுக்காக உம்மை நிப்பாட்டவும் ஏலாது.

ஒவ்வொரு நாளும் எத்தினை மணித்தியாலம் நிண்டனீர், எவ்வளவு ரிப்ஸ் வந்தது எண்டு போனில எழுதி வையும். வரிக் கணக்குக் காட்டவும் அது வேணும், ரிப்ஸும் வருமானம்தான். வேலை கேட்டுப் போற நாளிலேயே, எல்லாம் பேசி முடிச்சாப் பிறகு, "ரிப்ஸ் எப்பிடிப் பங்கிடுறனீங்கள், எப்ப தருவியள்?" எண்டு மரியாதையாக் கேளும். ஒழுங்கான கடைக்காரர் உடன விளக்குவார். "அதைப் பிறகு பாப்பம்" எண்டு இழுத்தால் வேற கடை தேடும்.