மூடிப்போன ப்ளூஸ் கிளப்பின் வரலாறு: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுனில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) இசையும் சாப்பாடுமாக நடந்து மூடிப்போன ஒரு கடையின் வரலாற்றைத் தொகுக்கிறோம். மெனு அட்டை, ரசீது, சுவரொட்டி என்று ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. எதிலும் ஆண்டு இல்லை. எப்படி வரிசைப்படுத்துவது?
(ஜெலுத்தோங் வாசகர்)

பதில்: சுவரொட்டியில் ஆண்டு இல்லாவிட்டாலும் கிழமையும் தேதியும் இருக்கும். அதுவே பாதி வேலையை முடித்துவிடும். ‘வெள்ளிக்கிழமை, ஜூன் 14’ என்று போட்டிருந்தால் அது 1985, 1991, 1996, 2002, 2013, 2019 இப்படிச் சில ஆண்டுகளில் ஒன்றாகத்தான் இருக்கும். பிறகு விலையைப் பாருங்கள். வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, டாலர் குறி போய் அதிகாரபூர்வமாக ‘ஆர்.எம்.’ வந்தது 1993-இல். ஆகவே ‘ஆர்.எம்.’ இருந்தால் பெரும்பாலும் 1996 அல்லது அதற்குப் பிந்தியது. டாலர் குறியை மட்டும் அவ்வளவாக நம்ப வேண்டாம். அச்சடித்த மெனு அட்டை தீரும்வரை பழையதையே நீட்டுவது கடைக்காரர்களின் வழக்கம்.

ரசீது இன்னும் துல்லியம். 10 விழுக்காடு என்பது கடை வாங்கும் சேவைக் கட்டணம், அதை விட்டுவிடுங்கள். அரசாங்கத்தின் சேவை வரி 5 விழுக்காடு என்றால் 2010 முடிவதற்குள் போட்ட பில். 2011 ஜனவரியிலிருந்து 6 ஆனது. ஜி.எஸ்.டி. என்று இருந்தால் 2015 ஏப்ரலுக்குப் பிந்தியது. அதுவே பூச்சிய விழுக்காடு என்று காட்டினால் 2018 ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மூன்று மாதங்களுக்குள் அடங்கிவிடும். வழவழப்பான வெப்பத்தாள் ரசீதுகளை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், எழுத்து தானாகவே மங்கிப்போகும். பாதுகாப்பதாக நினைத்து லேமினேட் செய்தால் சூட்டில் தாள் முழுதும் கறுத்துவிடும்.

2000 வாக்கில் கடை திடீரென்று இடம் மாறியதாகத் தெரிந்தால், உரிமையாளர்களுக்குள் சண்டை என்று எழுதுவதற்கு முன் வாடகையை விசாரியுங்கள். 1948-க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியோடு முடிந்தது. ஜார்ஜ் டவுனில் பல பழைய கடைகள் பெயர்ந்ததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: அந்தக் கடையில் பதிவு செய்த கேசட்டுகள் கிடைத்துள்ளன. சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சை. போட்டுக் கேட்கலாமா?
(பட்டர்வொர்த் வாசகி)

பதில்: பூஞ்சை இருப்பதைப் போடவே போடாதீர்கள். அது பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியாகப் பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு உலர வைத்துவிட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஜார்ஜ் டவுன் ஈரத்தில் அலமாரி ஒருநாளும் போதாது.

நல்ல கேசட்டாக இருந்தாலும் முதலில் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானை அமுக்கினாலும் அழியாது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுப்பட்டை விழுந்திருந்தால் ஒலி மழுங்கி மழுங்கி வரும். அப்போது நாடாவைத் திருகாணி போட்ட வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். ஒருமுறை முழுதாக ஓட்டிச் சுற்றிவிட்டு, ஹெட்டின் சாய்வுத் திருகாணியை மெல்லத் திருப்பி, இரைச்சல் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

பலர் கோட்டை விடுவது வேகத்தில். பேட்டரி இறங்கிய ரெக்கார்டரில் நாடா மெதுவாக ஓடியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் போட்டால் பாட்டு துள்ளி, பாடகரின் குரல் கீச்சென்று வரும். இதைக் கண்டுபிடிக்க அந்தக் கடையின் மின்சாரமே சாட்சி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிஃபயரின் ‘ம்ம்ம்’ ஓசை பெரும்பாலும் அதன் இருமடங்கான 100-இல் விழும். கணினியில் அது 103-இல் தெரிந்தால் பதிவு 3 விழுக்காடு வேகம், அந்த அளவு குறைத்துவிடுங்கள். ஓசை கிடைக்காவிட்டால் ஹார்மோனிகாவைக் கேளுங்கள். கிட்டாரை அரைச் சுரம் இறக்கிச் சுதி சேர்ப்பவர்கள் உண்டு, ஹார்மோனிகாவை மேடையில் அப்படி இறக்க முடியாது. ‘இ’ (E) சுதிப் பாட்டுக்கு ப்ளூஸ்காரர்கள் எடுப்பது பெரும்பாலும் ‘ஏ’ (A) ஹார்மோனிகா. பாட்டு ‘இ’-க்கும் ‘எஃப்’-க்கும் நடுவில் தொங்கினால் வேகம்தான் கோளாறு. ஒரு முழு அரைச் சுரம் என்பது ஏறக்குறைய 6 விழுக்காடு வேகம்.

கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் சேமியுங்கள். ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்கு 2 கிகாபைட் ஆகும். இரைச்சல் நீக்குவதையெல்லாம் நகலில் மட்டும் செய்யுங்கள். பாட்டுக்கு நடுவே வாசிப்பவர்களின் பெயரை அறிவிப்பதும், சமையலறை மூடப்போகிறது என்று சொல்வதும் வரலாற்றுக்குப் பாட்டைவிடப் பெரிது. மென்பொருள் முதலில் விழுங்குவதும் அதைத்தான்.

கேள்வி: ப்ளூஸும் சாப்பாடும் அமெரிக்காவிலேயே ஒன்றாக இருந்தவையா?
(கோலாலம்பூர் வாசகர்)

பதில்: ஆமாம். மிசிசிப்பிப் பக்கத்து ‘ஜூக் ஜாயின்ட்’ குடில்களில் பாட்டு, குடி, பொரித்த மீன் எல்லாம் ஒரே கூரையின் கீழ்தான். சிகாகோவில் 1989-இல் ப்ளூஸ் கலைஞர் பட்டி கை (Buddy Guy) திறந்த கிளப்பும், மெம்ஃபிஸ் பீல் தெருவில் 1991-இல் இன்னொரு ப்ளூஸ் கலைஞரான பி.பி. கிங் பெயரில் வந்ததும் உணவகங்களே.

கேள்வி: கேசட் பாடல்களை இணையத்தில் ஏற்றலாமா?
(பட்டர்வொர்த் வாசகி)

பதில்: அனுமதி குறைந்தது இரண்டு இடத்தில் வேண்டும்: பாட்டை எழுதியவர், அன்று வாசித்தவர்கள். நம் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை உண்டு. ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1938-இல் இறந்தவர், அவர் எழுதியவற்றுக்கு இங்கே காலம் முடிந்தது. இன்னொரு ப்ளூஸ் பாடகரான மடி வாட்டர்ஸ் இறந்தது 1983-இல், ஆகவே 2033 முடியும்வரை காத்திருக்க வேண்டும். வாசித்தவர்களிடம் வாய்ச்சொல் போதாது. தேதியும் பாட்டின் பெயரும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.