கருத்தடைக் குளிசையை எப்படிப் பாதுகாப்பாக எடுப்பது?

கேள்வி: எனக்கு 29 வயது, சம்மாந்துறை. பிள்ளைக்கு எட்டு மாதம், தாய்ப்பாலும் கொடுக்கிறேன். மச்சி பார்மசியில் வாங்கித் தந்த மிதுரி அட்டை கையில் இருக்கிறது. தொடங்கலாமா? ஒரு நாள் மறந்தால் என்ன செய்வது? நோன்பு காலத்தில் எப்படி எடுப்பது?

பதில்:

கல்முனைப் பகுதியில் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

அட்டையைத் தொடங்கும் முன் உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தின் குடும்பத் திட்டமிடல் கிளினிக்குக்குச் சென்று பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். மச்சிக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இக்குளிசையில் உள்ள ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் இரத்தம் உறையும் தன்மையைச் சற்றுக் கூட்டுகிறது. ஆகவே பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள், முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி ஏற்பட்டவர்கள், கண்முன் ஒளிக்கீற்றுகள் தோன்றி அதன்பின் ஒற்றைத் தலையிடி வருபவர்கள், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்கள், மார்பகப் புற்றுநோய் அல்லது கடுமையான ஈரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு வேறு முறையே பொருத்தம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், கார்பமசெப்பின் ஆகிய மருந்துகள் குளிசையின் பலனைக் குறைப்பதால் அவற்றை எடுப்பவர்களும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். அமொக்சிசிலின் என்ற சாதாரண அன்டிபயட்டிக்குக்கு அந்தப் பயம் தேவையில்லை.

இதைப் படித்து மிரளவும் வேண்டாம். குளிசை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு இரத்தக்கட்டி வருகிறதென்றால், எடுப்பவர்களில் 3 முதல் 9 பேருக்கு வருகிறது. கர்ப்பிணிகளிலோ அது 5 முதல் 20 வரை போகிறது.

பாலூட்டும் தாய்மார் பிரசவித்த ஆறு வாரத்துக்குள் இதை எடுக்கவே கூடாது. ஆறு மாதம் வரை ஊசி, கருப்பையில் வைக்கும் லூப், கைத்தோலின் கீழ் வைக்கும் ஜடெல் போன்றவற்றையே நாங்கள் சொல்வோம். உங்கள் பிள்ளைக்கு எட்டு மாதம் என்பதால் அந்தத் தடை நீங்கிவிட்டது. மாதவிடாய் தொடங்கி ஐந்து நாட்களுக்குள் ஆரம்பித்தால் அன்றே பாதுகாப்புக் கிடைக்கும். மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை என்றால், கர்ப்பமில்லை என்று உறுதி செய்த பின் தொடங்கி, முதல் ஏழு நாட்களுக்கு ஆணுறையும் பாவிக்க வேண்டும்.

என் அனுபவத்தில் பெண்கள் அதிகம் குழம்புவது அட்டையின் கடைசி வரிசையில்தான். 28 குளிசைகளில் வெள்ளை நிறமான 21 மட்டுமே கருத்தடை மருந்து. மண்ணிறமான 7 இரும்புச்சத்து. மண்ணிறக் குளிசையை மறந்தவர் பதறிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடி வருவார். புதிய அட்டையை மூன்று நாள் பிந்தித் தொடங்கியவர் கவலையின்றி வீட்டில் இருப்பார். உண்மையில் ஆபத்து இரண்டாமவருக்குத்தான். மருந்தில்லாத இடைவெளி ஏழு நாட்களைத் தாண்டினால் சூலகம் விழித்துக்கொண்டு முட்டையை வெளிவிடக்கூடும். எனவே கடைசி மண்ணிறக் குளிசை முடிவதற்கு முன்பே அடுத்த அட்டை வீட்டில் இருக்க வேண்டும்.

ஒரு வெள்ளைக் குளிசை மட்டும் தவறினால், நினைவு வந்தவுடன் அதை எடுத்துவிட்டு, அன்றைய குளிசையையும் வழமையான நேரத்தில் எடுங்கள். ஒரே நாளில் இரண்டு எடுப்பதால் தீங்கில்லை. இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து தவறினால், ஒன்றை உடனே எடுத்து, மிச்சத்தை நாளுக்கு ஒன்றாகத் தொடர்ந்து, ஏழு நாட்கள் ஆணுறை பாவிக்க வேண்டும். அது வெள்ளையின் மூன்றாம் வாரத்தில் நடந்தால் மண்ணிற வரிசையை விட்டுவிட்டு நேரே புதிய அட்டைக்குச் செல்லுங்கள். முதல் வாரத்தில் நடந்து, அதற்கிடையில் உறவும் நடந்திருந்தால், 72 மணித்தியாலத்துக்குள், முந்தினால் இன்னும் நல்லது, அவசர கருத்தடைக் குளிசை பற்றிக் கேளுங்கள். குளிசை எடுத்து மூன்று மணித்தியாலத்துக்குள் சத்தி (வாந்தி) வந்தால் இன்னொன்று எடுக்க வேண்டும்.

நோன்பு காலத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தை நம்ப வேண்டாம். தூங்கிவிட்டால் குளிசையும் தவறும். நோன்பு திறந்த பின் ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது காலையில் எடுப்பவரென்றால், தலைப்பிறை கண்ட இரவே மறுநாள் குளிசையை எடுத்து நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரலாம். பின்னுக்குத் தள்ளுவதே பிழையாகும். நோன்பை விடாமல் பிடிக்க விரும்பும் பெண்களும், கண்ணகி அம்மன் குளிர்த்திக்குக் கோயிலுக்குச் செல்ல விரும்பும் பெண்களும் மாதவிடாயைத் தள்ளிப்போட முடியுமா என்று என்னிடம் கேட்பதுண்டு. மிதுரி போல வெள்ளைக் குளிசைகள் எல்லாம் ஒரே அளவு மருந்துள்ளவை என்றால், மண்ணிறத்தை விட்டு அடுத்த அட்டையின் வெள்ளையைத் தொடர்வது மருத்துவ ரீதியில் பாதுகாப்பானதே. இடையில் சிறிது இரத்தக்கசிவு தெரியலாம்.

முதல் சில மாதங்களில் குமட்டல், மார்பு நோவு, இடைக்கசிவு வரலாம், தானாகவே தணியும். ஆனால் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனக் கடுமையான தலையிடி, பார்வை மங்கல், தாங்க முடியாத வயிற்றுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் குளிசையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அங்கே கருத்தடைக் குளிசை எடுப்பதை முதலிலேயே சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காக அதை மறைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். டொக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.