மாலை வகுப்பால்தான் மதிப்பெண் கூடியதா?

கேள்வி: காலாண்டுத் தேர்வில் மிகக் குறைவாக மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்கு எங்கள் தொண்டு நிறுவனம் மாலை வகுப்பு நடத்துகிறது. அரையாண்டில் பெரும்பாலானோருக்கு மதிப்பெண் கூடியது. ஆனால் நிதி தருபவர்கள், "உங்கள் வகுப்பால்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்கிறார்கள். அடுத்த ஆண்டு வேறு மாவட்டத்திலும் தொடங்கும் எண்ணம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் கேட்பது நியாயம்தான். கடைசி வரிசைப் பிள்ளைகளாகப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதில் சிலருக்குத் தேர்வன்று காய்ச்சல் இருந்திருக்கும், சிலருக்கு வீட்டில் சண்டை நடந்திருக்கும். வகுப்பே இல்லாவிட்டாலும் இவர்களில் பலர் அடுத்த தேர்வில் கொஞ்சம் ஏறியிருப்பார்கள். அரையாண்டு வினாத்தாள் எளிதாக இருந்திருந்தால் எல்லோருக்குமே ஏறியிருக்கும். அதனால் முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு என்ற கணக்கு மட்டும் போதாது. வகுப்புக்கு வராத, ஆனால் காலாண்டில் அதே அளவு மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்கு எவ்வளவு கூடியது என்று பக்கத்துப் பள்ளிகளில் கேட்டு வாங்குங்கள்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஆர்வமுள்ள பெற்றோர்தான் பிள்ளையை மாலையில் அனுப்புவார்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் இரு தரப்பையும் ஒப்பிட்டால் பெற்றோர் ஆர்வம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒன்று மட்டும்: இடம் கிடைத்தும் பாதியில் நின்ற பிள்ளையைக் கணக்கிலிருந்து தூக்கிவிடாதீர்கள். அந்த ஆசை எல்லோருக்கும் வரும்.

அப்புறம், வேறு மாவட்டம். உண்மையில் கடினமான பகுதி இதுதான். 1980-ல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை சரியாக ஏறாதவர்களுக்குக் கூடுதல் உணவு, தாய்மார்களுக்கு ஆலோசனை. ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்தது. (இடையே 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் வந்துவிட்டது. எது எவ்வளவு பலன் தந்தது என்று பிரிப்பது மதிப்பீட்டாளர்களுக்குப் பெரும்பாடு.) அதே மாதிரியை ஒட்டி 1995-ல் வங்கதேசத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. அறிவியல் தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட் இதை விரிவாக அலசியிருக்கிறார். அங்கே பல வீடுகளில் சந்தைக்குப் போவது ஆண்கள். யாருக்கு என்ன பரிமாறுவது என்பது மாமியார் கையில். ஆலோசனை கேட்ட தாய்க்கு விஷயம் தெரிந்தது, ஆனால் சோற்றுப் பானை அவள் பொறுப்பில் இல்லை.

தமிழ்நாட்டு ஆதாரத்தில் பொய் எதுவும் இல்லை. தாய் கையில் சமையல் இருந்ததால் அது அங்கே வேலை செய்தது. அந்த நிபந்தனையை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் வகுப்புக்குப் பின்னாலும் இப்படி எழுதப்படாத நிபந்தனைகள் இருக்கும். ஆசிரியை அதே ஊர்க்காரரா? ஆறு மணிக்கு மேல் பெண்பிள்ளைகளை வெளியே விடுகிறார்களா? கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? இவற்றை முதலில் உங்கள் ஊரிலேயே எழுதி வையுங்கள். பிறகு புதிய மாவட்டத்துக்குப் போய், பெற்றோரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கணக்குப் புத்தகத்தை அதற்கப்புறம் திறந்தால் போதும்.