அலைச்சறுக்கும் ஆட்டிசமும்: பெற்றோர் கேள்விகளுக்கு ஒரு ஓ.டி.யின் பதில்கள்

தென் கலிஃபோர்னியாவில் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன், அதாவது உடை போடுவது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவர். இந்தத் தெரபியையும் அதைச் செய்பவரையும் சுருக்கமாக ஓ.டி. என்போம். கோடையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான அலைச்சறுக்கு (சர்ஃபிங்) முகாம்களுக்குத் தன்னார்வலராகவும் போவேன். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

இது நிஜமாகவே தெரபியா, இல்லை கடற்கரையில் ஒரு நாள் கொண்டாட்டமா? (இர்வைன், ஒரு அம்மா)

நடத்துகிற விதத்தைப் பொறுத்தது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர் சர்ஃபர்ஸ் ஹீலிங். லாங்போர்டு என்ற நீளப் பலகைச் சறுக்கில் சாம்பியனாக இருந்த இஸ்ரேல் பாஸ்கோவிட்ஸ், அவர் மனைவி டேனியல் இருவரும் 1996இல் தொடங்கியது. அவர்கள் மகன் ஐசாயாவுக்கு ஆட்டிசம். பலகையில் தன்னோடு கூட்டிக்கொண்டு போனபோது பையன் அமைதியானதை அந்த அப்பா கவனித்தார், அதிலிருந்து வளர்ந்ததுதான் இவ்வளவும். கட்டணம் கிடையாது, ஒரு நாள் முகாம், தேர்ந்த சறுக்குவீரர் குழந்தைக்குப் பின்னால் இருந்து ஒரே பலகையில் கூட்டிப்போவார். அந்த ஒரு நாளின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பிறந்தநாள் விழாவுக்குக்கூட அழைப்பு வராத குழந்தைக்கு ஒரு கடற்கரையே கைதட்டுகிறது, பெற்றோர் மற்ற பெற்றோரோடு நிம்மதியாக உட்கார்ந்து பேச முடிகிறது. ஆனால் ஓ.டி. என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் குழந்தைக்கென்று ஒரு இலக்கு வேண்டும், வாராவாரம் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், முன்னேற்றத்தைக் குறித்துவைக்க வேண்டும். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் எமிலி கிளாஃபம் குழுவினர் 8 வாரத் திட்டமாக நடத்திப் பார்த்து, குழந்தைகளின் உடல்திறன் கூடியதாக வெளியிட்டார்கள். இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அதனால் "நிரூபிக்கப்பட்ட சிகிச்சை" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

அலையில் அப்படி என்னதான் நடக்கிறது? கிளினிக்கில் ஊஞ்சல் இருக்கிறதே?

நல்ல கேள்வி. ஊஞ்சலும் குப்புறப் படுத்து உருளும் ஸ்கூட்டர் பலகையும் ஓ.டி. அறைக்கு வந்ததில் ஜீன் ஏயர்ஸ் என்ற கலிஃபோர்னியா ஓ.டி.க்குப் பெரிய பங்கு உண்டு. காதுக்குள் இருக்கும் சமநிலைப் புலன், தசையும் மூட்டும் தரும் உடல் உணர்வு, தொடுதல், இவை மூளையில் ஒன்றுசேர்வதைப் பற்றித்தான் அவர் வேலை முழுக்க. இப்போது கடலைப் பாருங்கள். பலகையில் குப்புறப் படுத்து, தலையைத் தூக்கி, கைகளால் துழாவும்போது கழுத்தும் முதுகும் தோளும் சேர்ந்து வேலை செய்கின்றன. கிளினிக்கில் இதே நிலையில் அரை நிமிடம் இருக்கச் சொன்னால் என்னிடம் வரும் பிள்ளைகள் நழுவிப்போய்விடுவார்கள், கடலில் அலைக்காகக் காத்துக்கொண்டு அப்படியே கிடப்பார்கள். நேர்கோட்டில், சீராக வரும் அசைவு பலரை அமைதிப்படுத்தும். வெட்சூட்டும் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) தண்ணீரும் உடம்பை ஒரே சீராக அழுத்துவது சிலருக்கு மிகவும் பிடிக்கும்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அலைக்கு முன்னும் பின்னும் நடப்பவை. வெட்சூட் போடுவது, பலகையோடு இணைக்கும் பட்டையைக் கணுக்காலில் சுற்றி ஒட்டுவது, தன் முறை வரும்வரை நிற்பது, பலகையின் மறுமுனையை இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து தூக்குவது, முடிந்ததும் மணலைக் கழுவி உடை மாற்றுவது. உடை போடும் பயிற்சிக்கு வீட்டில் கெஞ்ச வேண்டியிருக்கும், இங்கே அலை காத்திருக்கிறது என்பதால் அவனே காலை நீட்டுவான்.

என் மகனுக்கு 6 வயது. தண்ணீர் என்றால் உயிர், நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே, போகலாமா? (சான் டியேகோ)

போகலாம், ஆனால் அதோடு நீச்சலையும் இந்த மாதமே தொடங்குங்கள். ஆட்டிசம் உள்ள 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் மற்றக் குழந்தைகளைவிட 160 மடங்கு என்று கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள். 2012இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், 4 வயதுக்கு மேற்பட்ட ஆட்டிசம் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு தடவையாவது யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப்போக முயன்றவர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கடலை ஏற்கெனவே நேசிக்கிற பிள்ளைக்கு, ஜாக்கெட்டோடு மிதந்து பழகிய பிறகு, கடல் தன்னை எப்போதும் தாங்கும் என்று தோன்றிவிடும். அதனால் ஜாக்கெட் இல்லாமல், சாதாரண உடையோடு, மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு விதி: வெட்சூட் போடவில்லை என்றால் கடல் இல்லை, கூட வரும் அண்ணா கையைப் பிடிக்காமல் கடல் இல்லை. படத்தோடு, ஒவ்வொரு முறையும், விதிவிலக்கே இல்லாமல். விதியை இறுகப் பிடித்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு அந்தக் குணம் இங்கே துணைக்கு வரும். அதற்காக உங்கள் கண்ணை அவனிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

வீடியோவில் கதறி அழும் குழந்தையை அலைக்குள் தூக்கிப்போகிறார்கள். பார்க்கவே முடியவில்லை. இது சரியா?

பெற்றோரும் தெரபிஸ்டுகளும் இதில் ஒத்துப்போவதில்லை. கரையில் அழுத பிள்ளை நுரையைத் தாண்டியதும் அடங்கி, சிரித்துக்கொண்டே திரும்பி வந்து மறுபடி பலகையைக் காட்டுவதை நானும் பார்த்திருக்கிறேன். இடம் மாறும்போதே அழுகிற பிள்ளைகள் உண்டு, அந்த அழுகை கடலைப் பற்றியது அல்ல. இருந்தாலும் திமிறுகிற குழந்தையை நான் தூக்கிப்போகமாட்டேன். "வேண்டாம்" என்று உடம்பால் மட்டுமே சொல்ல முடிகிற ஒரு குழந்தை, அதை யாரும் கேட்கமாட்டார்கள் என்று கற்றுக்கொள்வது ஒரு அலைக்குக் கொடுக்கிற விலையாக ரொம்ப அதிகம். நாளைக்குத் தன் உடம்பைத் தப்பாகத் தொடுகிறவர்களிடம் அவன் சொல்ல வேண்டியதும் அதே "வேண்டாம்"தான். சில வாரங்கள் முன்பிருந்தே வெறும் மணலில் பலகையில் உட்கார்ந்து பழகட்டும், கணுக்கால் தண்ணீர், முட்டித் தண்ணீர் என்று போகட்டும். நிறுத்து என்பதற்கு ஒரு அட்டையோ கைச்சைகையோ வையுங்கள், காட்டியதும் நிஜமாகவே கரைக்குத் திரும்புங்கள்.

மகள் வெட்சூட்டைத் தொடவே விடமாட்டாள். (ஃப்ரீமான்ட்)

ஒரு அளவு பெரியதாக வாங்கி, வீட்டில் குளியல் தொட்டியில், முதலில் அரைக்கை அரைக்கால் வெட்சூட்டாகப் பழக்குங்கள். உள்பக்கம் துணித் தையல் உறுத்தினால் மெல்லிய நீச்சல் சட்டையை அடியில் போடலாம். அதற்கும் மாட்டேன் என்றால், தென் கலிஃபோர்னியாக் கடற்கரையில் ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் கொஞ்சம் தாங்கும்படி இருக்கும், அப்போது குறைந்த நேரத்துக்கு வெறும் நீச்சலுடையே போதும்.

வலிப்பு வந்திருக்கிறது. ரிஸ்பெரிடோனும் எடுக்கிறான்.

நரம்பியல் டாக்டர் எழுத்தில் சரி சொல்லாமல் வேண்டாம். சொன்னாலும் பலகையில் பெரியவர் கூடவே இருக்க வேண்டும், வலிப்பு விஷயம் அவருக்கு நேரில் தெரிந்திருக்க வேண்டும். ரிஸ்பெரிடோன், எரிச்சலையும் கோபத்தையும் தணிக்கக் கொடுக்கும் மருந்து, சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும், உடம்பு சூட்டைச் சமாளிப்பதையும் குறைக்கும். காலை நேரம், நிழல், நிறையத் தண்ணீர்.

இதனால் பேச்சு வருமா? வாராந்திர ஓ.டி.யை நிறுத்தலாமா?

பேச்சு வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். நிறுத்தவும் வேண்டாம்.

நாங்கள் சென்னையில். கோவளத்தில் செய்ய முடியுமா?

கோவளத்தில் கடலோடு வளர்ந்த மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்றுத்தருகிறார்கள், பக்கத்திலேயே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம், நிப்மெட், இருக்கிறது. பயிற்சியாளருக்குக் கடல் தெரியும், ஓ.டி.க்குக் குழந்தையைத் தெரியும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு குழந்தைக்கு எத்தனை பேர், உயிர்காப்புப் பயிற்சி யாருக்கு இருக்கிறது, ஆட்டிசம் குழந்தைகளோடு முன்பு வேலை செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களைத் தவிர்த்து, விடியற்காலையில் போங்கள். தண்ணீர் வெதுவெதுப்பானது, வெட்சூட் தேவைப்படாது, அந்த அழுத்தம் பிடித்த பிள்ளைக்கு உடம்போடு ஒட்டும் முழுக்கை நீச்சல் சட்டை போதும்.

மகனுக்கு 17 வயது, என்னைவிட உயரம், கனம். சேர்ப்பார்களா?

முகாமுக்கு முகாம் மாறும், பதிவு செய்யும்போதே எடையையும் உயரத்தையும் சொல்லிவிடுங்கள். பெரிய பலகை, பின்னால் ஒருவர், பக்கத்தில் நீந்தி வர இன்னொருவர் தேவைப்படும். அவன் எதற்குப் பயப்படுவான், கோபம் வரும்போது முதலில் என்ன செய்வான், எந்தச் சொல் கேட்டால் அடங்குவான் என்று அரைப் பக்கம் எழுதி, பலகையில் அவன் பின்னால் இருக்கப்போகிறவர் கையிலேயே கொடுங்கள்.