மூன்று டிரங்குப் பெட்டிகளும் ஒரு பாகப்பிரிவினையும்

கேள்வி: காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பங்கு பிரிக்க இருக்கிறோம். இரண்டாங்கட்டு அறையில் மூன்று டிரங்குப் பெட்டிகள் நிறையப் பழைய காகிதங்கள் இருக்கின்றன. பாட்டையா காலத்தில் பர்மாவில் நடந்த வட்டிக்கடையின் பேரேடுகள், அங்கிருந்து ஏஜெண்டுகள் எழுதிய கடிதங்கள், கல்யாணச் செலவுச் சிட்டைகள், இசைகுடிமானங்கள் என்னும் திருமண ஒப்பந்த ஏடுகள், சில ஓலைகள், பத்திரங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஆளுக்கொரு பெட்டியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் பெரிய அண்ணன். படம் எடுத்துவிட்டுப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடலாம் என்கிறார் சின்ன அண்ணன். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் 84 வயதான எங்கள் அத்தை ஒருவர்தான். “விஷு வருஷம் மார்கழி” என்று தொடங்கும் ஒரு கடிதம் மட்டும் எனக்கு ஓரளவு புரிந்தது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். வீட்டைப் பங்கு பிரியுங்கள். நகையையும் பாத்திரத்தையும் பிரியுங்கள். இந்த மூன்று பெட்டிகளை மட்டும் பிரிக்க வேண்டாம் என்று உங்கள் அண்ணன்மார் இருவரையும் வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். காகிதம் எங்கே இருக்க வேண்டும், யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். மூன்றும் ஒன்றாக இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் தங்கள் பேரேடு ஒன்றை என்னிடம் காட்டினார்கள். ஒரு பக்கத்தில் ஐந்நூறு ரூபாய் பற்று எழுதி, எதற்காக என்று சொல்ல வேண்டிய இடத்தில் “கடிதப்படி” என்ற ஒரே சொல் இருந்தது. அந்த ஆண்டில் அவ்வளவு பெரிய தொகை வேறு யாருக்கும் போகவில்லை. அந்தக் கடிதம் எங்கே என்று கேட்டபோது, பாகப்பிரிவினையில் பேரேடுகள் ஒரு பங்காளிக்கும் கடிதங்கள் இன்னொரு பங்காளிக்கும் போனதாகவும், கடிதங்கள் பெற்ற வீட்டில் ஒரு போகியன்று அவற்றை எரித்துவிட்டதாகவும் சொன்னார்கள். அந்த ஐந்நூறு ரூபாய் எந்தத் துயரத்துக்கு அல்லது எந்த நல்ல காரியத்துக்குப் போயிற்று என்பதை இனி ஒருவராலும் சொல்ல முடியாது. கணக்கு கடிதத்தைச் சுட்டும், கடிதம் சிட்டையைச் சுட்டும், சிட்டை பத்திரத்தைச் சுட்டும். இவற்றைத் தனித்தனியே பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் பாதி ஊமையாகிவிடும்.

பெட்டிகளைத் திறக்கும்போது கட்டுகளை அவிழ்த்து, ஆண்டு வாரியாக அடுக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். அதையும் செய்யாதீர்கள். பர்மாவுக்குப் போன ஏஜெண்டுக்கு மூன்றாண்டு என்பது வழக்கமான தவணை. தவணை முடிந்து ஊர் திரும்புகிறவர் தம் காலத்துக் கணக்கை முதலாளி வீட்டில் ஒப்படைப்பார், அடுத்தவர் கப்பலேறுவார். ஆகவே உங்கள் வீட்டில் ஒரே துணியில் கட்டிக் கிடப்பது ஒரு மனிதரின் மூன்றாண்டு உழைப்பாக இருக்கக்கூடும். பேரேட்டுக்கு நடுவே செருகியிருக்கும் ஒரு துண்டுச் சீட்டு அந்த இடத்தில் இருப்பதற்கும் காரணம் இருக்கும். கட்டு எப்படிக் கிடந்ததோ அப்படியே முதலில் ஒரு படம் எடுத்து, பெட்டிக்கு ஓர் எண், கட்டுக்கு ஓர் எண் என்று மென்மையான பென்சிலால் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பேனாவும் பசையும் மூலக் காகிதத்தைத் தொடவே வேண்டாம்.

“இதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பயன்?” என்று உங்கள் சின்ன அண்ணன் கேட்டிருக்கலாம். 1929–30இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணையின் அறிக்கை, அங்கே செட்டியார் கடைகள் ஏறக்குறைய 1,650 இருந்ததாகவும், அவை கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அதன்பின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமான நிலங்கள் கடைக்காரர்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், 1938இல் 25 விழுக்காடாயிற்று. மொத்தக் கணக்கு இவ்வளவுதான் அரசு ஏட்டில் கிடைக்கும். எந்த ஊர் உழவர் எந்த வட்டிக்கு வாங்கினார், எந்த ஆண்டு தவணை தப்பினார், நிலத்தை எடுத்துக்கொள்ள முதலாளி விரும்பினாரா தயங்கினாரா என்பதெல்லாம் ஏஜெண்டு ஊருக்கு எழுதிய கடிதத்தில்தான் இருக்கும். 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது, நடந்தும் கப்பலேறியும் தப்பி வந்தவர்கள் அங்கிருந்த ஏடுகளையெல்லாம் சுமந்து வந்திருக்க முடியாது. ஆதலால் ஊரில் முதலாளி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த நகலே பல கடைகளுக்கு எஞ்சிய ஒரே சான்று. அதில் கடன் கொடுத்தவரின் பக்கம் மட்டுமல்ல, கடன்பட்டு நிலம் இழந்த பர்மிய உழவரின் பக்கமும் அடங்கியிருக்கிறது. அவர்களுடைய பேரர்களுக்கும் உங்கள் பெட்டியில் ஓர் உரிமை உண்டு என்றே நான் கருதுகிறேன்.

வணிகக் காகிதமும் வீட்டுக் காகிதமும் கலந்து கிடப்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அது குறையன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாகவும் (மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக) வணிகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த நாட்குறிப்பில் சரக்கும் அரசியலும் வீட்டு விசேஷமும் ஒன்றாகவே ஓடுகின்றன. அந்த ஏடுகள் ஏறத்தாழ 85 ஆண்டுகள் குடும்பத்திலேயே இருந்து, 1846இல்தான் வெளியார் கண்ணில் பட்டன. இடையிடையே சில பகுதிகள் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு குடும்பம் தூக்கி எறியாமல் வைத்திருந்ததனால் கிடைத்தது.

இனி, உடனே செய்ய வேண்டியது. அது காகிதத்தைப் பற்றியதன்று, அத்தையைப் பற்றியது. காகிதம் இன்னும் ஐம்பதாண்டு தாங்கும். அதைப் படிக்கத் தெரிந்தவரை நாம் அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்ல முடியாது. பழைய கணக்கெழுத்தில் ‘௳’ என்றால் நாள், ‘௴’ என்றால் மாதம், ‘௵’ என்றால் வருடம். ‘௶’ பற்று, ‘௷’ வரவு, ‘௸’ மேற்படி. பக்கத்தின் தலையில் இருக்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. அதே வடிவம் தொகைக்கு நடுவே வந்தால் இரண்டு. ‘௰’ என்பது பத்து என்று தெரியாதவர் அதை ‘ய’ என்று படித்துத் திகைப்பார். இவற்றையாவது புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் விலாசத்தின், அதாவது கடைப்பெயராக எழுதும் இரண்டு மூன்று முதலெழுத்துகளின், பின்னால் இருக்கும் ஆள் யார், “சின்ன வீட்டு ஆச்சி” என்று கணக்கில் வருபவர் எந்த ஆச்சி, ஒரு பெயருக்கு எதிரே கணக்கு திடீரென்று நின்றுபோனது ஏன் என்பவை அத்தையிடம் மட்டுமே உள்ளவை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரைக் களைப்படையச் செய்யாமல், ஒரு கட்டை மட்டும் எடுத்து வைத்து, அவர் வாய்விட்டுப் படிப்பதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது தேதியையும் கட்டின் எண்ணையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். அவர் கதை சொல்லத் தொடங்கி வேறெங்கோ போனால் தடுக்காதீர்கள்.

உங்களுக்குப் புரிந்த அந்த ஒரு கடிதத்தைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம். விஷு வருடம் அறுபதாண்டுக்கு ஒருமுறை வருவது. 1881–82ஆகவும் இருக்கலாம், 1941–42ஆகவும் இருக்கலாம். உறை இருந்தால் தபால்தலையைப் பாருங்கள். விக்டோரியா அரசியின் தலை இருந்தால் முன்னது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலையும் பர்மா என்ற பெயரும் இருந்தால் பின்னது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபின் அங்கே தனித் தபால்தலை வந்துவிட்டது. பின்னதானால், ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகக் குண்டு வீசிய 1941 டிசம்பர் 23ஆம் தேதி அந்த மார்கழியில்தான் வருகிறது. ஆகையால் உறையையும் கடிதத்தையும் பிரித்துவிடாதீர்கள். தபால்தலை சேகரிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, நல்லெண்ணத்தால் வரும் கேடுதான் அதிகம். என் தாய்வழிப் பாட்டனாரின் பாகப்பிரிவினைப் பத்திரம் மடிப்பில் கிழிந்திருந்ததால், அதை ஒரு கடையில் கொடுத்து லேமினேஷன் செய்துகொண்டு வந்தேன். அப்போது பளபளவென்று அழகாக இருந்தது. இன்று காகிதம் உள்ளேயே பழுப்பேறி, ஓரத்தில் மை மங்கி, பிளாஸ்டிக்கைப் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும் நிலையில் இருக்கிறது. அந்தத் தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். செலோடேப்பும் ரப்பர் பேண்டும் அப்படியே. துருப்பிடித்த குண்டூசிகளை இழுக்காமல், காகிதத்தை விரலால் அழுத்திக்கொண்டு மெல்லக் கழற்றுங்கள். தூசியை மென்மையான தூரிகையால் உள்ளிருந்து வெளிப்புறமாகத் தள்ளுங்கள். பூஞ்சை இருந்தால் முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே நிழலில் செய்யுங்கள். நனைந்த காகிதத்தை வெயிலில் போடக்கூடாது. இடையிடையே மையொற்றுத் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர விட வேண்டும்.

சுற்றி வைக்கக் கோராத் துணி (வெளுக்காத பருத்தித் துணி) நல்லது. ஆனால் இரண்டு மூன்று முறை அலசிக் கஞ்சி முழுவதும் போனபின் பயன்படுத்துங்கள், ஏனெனில் கஞ்சியைத் தேடித்தான் பூச்சி வரும். நம் பெரியவர்கள் வைத்த வசம்பை விட்டுவிட வேண்டியதில்லை; காகிதத்தோடு ஒட்டாமல் சிறு துணி முடிச்சாக மூலையில் வையுங்கள். பசுமையான வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும், வேண்டாம். பழைய டிரங்குப் பெட்டி துருவேறியிருந்தால் காகிதத்தை அதில் திரும்ப வைக்காமல் வர்ணம் பூசிய இரும்பு அலமாரிக்கு மாற்றி, தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி, மழைச்சாரல் படும் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஓலைகளை வளைக்காமல், இரு பக்கமும் மரச்சட்டம் வைத்து இறுகாமல் கட்டுங்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவதை, ஓலைச்சுவடி பராமரிக்கத் தெரிந்தவர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள்.

சின்ன அண்ணன் சொல்லும் படம் எடுக்கும் வேலை மிக நல்ல வேலை. “போட்டுவிடலாம்” என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. தாளின் நீர்க்குறியும், மையின் அழுத்தமும், தைத்த ஊசித் துளையும் படத்தில் முழுமையாக வருவதில்லை. அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பேரேட்டை முழுதாக அழுத்தி விரிக்காமல் எடுக்க வேண்டும்; வெற்றுப் பக்கத்தையும் விடக்கூடாது. கோப்பின் பெயர் பெட்டி எண், கட்டு எண், பக்க எண் என்ற வரிசையில் இருக்கட்டும். மூன்று படிகள் செய்து, அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றுவதும் அவர் பொறுப்பே. இப்படிச் செய்தால் மூன்று கிளைக்கும் முழுத் தொகுதியின் படி கிடைத்துவிடுகிறது; பெரிய அண்ணன் கேட்கும் பங்கு இதுவே.

நடப்பில் உள்ள சொத்துக்கான கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், உயில் போன்றவற்றை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டித் தனியே வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். எடுத்த இடத்தில், இன்ன பத்திரம் இன்ன தேதியில் இன்னாரிடம் போனது என்று ஒரு சீட்டு எழுதி வைக்க மறக்காதீர்கள்.

மூலக் காகிதத்தை வீட்டில் வைத்துக் காக்க ஒருவராலும் இயலாதென்றால், ஒரே நிறுவனத்துக்கு மூன்று பெட்டிகளையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களும் துண்டறிக்கைகளும் அவர் மறைந்தபின் சென்னைக்கு வந்து, 1994 முதல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழகத்துக் குடும்பங்களின் நில, வழக்கு ஆவணங்களைப் படமெடுத்திருக்கிறார்கள். மூலங்கள் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்பது அத்திட்டத்தின் விதி. யாரிடம் கொடுத்தாலும், கொடையா பாதுகாப்புக்கு மட்டுமா, யார் பார்க்கலாம், அச்சிட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். குடும்பச் சண்டையைச் சொல்லும் கடிதம், உயிரோடிருப்பவர் மனத்தைப் புண்படுத்தும் என்று தோன்றுவது ஏதேனும் இருந்தால், கிழித்துவிடாமல் உறையிலிட்டு, இன்ன ஆண்டு வரை திறக்கலாகாது என்று எழுதிக் கொடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் பெட்டிகள் இடம் மாறிவிட வேண்டும். அதற்கும் முன்னதாக, வருகிற ஞாயிற்றுக்கிழமையே அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். போகும்போது அந்த விஷு வருடத்துக் கடிதத்தை உறையோடு எடுத்துச் செல்லுங்கள். முதலில் அதையே படிக்கச் சொல்லுங்கள்.